மின்சாரம் போனதும் வெளியே வந்த ஏஞ்சல்: தொட்டியின் நீரோட்டம் பற்றி உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தெளிநீர், அஸ்தம்பட்டி

கோடையில் ஒரு மாலை மின்சாரம் போனபோது பார்த்த காட்சி இன்றும் மனத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் மீன் தொட்டி 3 அடி நீளமுள்ளது. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி, டைகர் பார்ப் மீன் ஆறு, பாசி தின்னும் டேங்க் கிளீனர் மீன் ஒன்று. கடைக்காரரே வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். மணிக்கு 2,000 லிட்டர் தண்ணீரைத் தள்ளும் பவர் ஹெட் என்னும் சிறு பம்பை இடது மூலையில் ஒட்டி, அதன் வாயை நீளவாக்கில் எதிர்க் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிவிட்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு மீனுக்கு நல்லது என்று சொல்லிச் சென்றார்.

பெரிய ஏஞ்சல் அன்றிலிருந்தே மரக்கட்டைக்குப் பின்னால், துடுப்புகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு நின்றது. இரை போட்டால் மட்டும் வெளியே வந்து, ஒரு வாய் கவ்விக்கொண்டு திரும்பிவிடும். அந்த மாலை மின்சாரம் போய், ஃபில்டரின் சத்தம் அடங்கி, எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அந்த மீன் தொட்டியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் முழுவதுமாக விரிந்திருந்தன. அத்துடுப்புகள் அவ்வளவு நீளமானவை என்பதையே அன்றுதான் அறிந்தேன். சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. பவர் ஹெட்டின் முதல் வீச்சு அதன் விலாவில் பட்டதும், அந்த மீன் பாதி சாய்ந்து, கட்டை வரைக்கும் தள்ளப்பட்டு, மீண்டும் பழைய இடத்தில் ஒடுங்கிக்கொண்டது.

ஏஞ்சலுக்கு நீரோட்டம் இவ்வளவு பகையா? வேறு யாரேனும் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

வரிக்கெண்டை, சூரமங்கலம்

நண்பரே, தாங்கள் கண்டது உண்மை. ஆனால் அதற்குக் கொண்ட காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு டைகர் பார்ப்களோடு ஏஞ்சலை விட்டிருப்பதைத் தாங்களே எழுதிவிட்டு, குற்றத்தை பவர் ஹெட்டின் மேல் சுமத்துகிறீர்கள்.

என் மைத்துனர் வீட்டில் இதே கூட்டு இருந்தது. ஏஞ்சலின் வயிற்றுக்கு அடியில் மீசை போலத் தொங்கும் இரண்டு நீண்ட இழைகள் உண்டல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பார்ப் பின்னாலிருந்து வந்து அந்த இழையின் நுனியைக் கவ்வி, தலையை ஓர் உதறு உதறி, துண்டோடு போனது. ஏஞ்சல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொத்துப் பட்டுப் பட்டு அதற்குப் பழகிவிட்டிருந்தது. அந்தத் தொட்டியில் ஓடியது ஒரு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டுமே. நீரோட்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஏஞ்சல் மூலையை விட்டு வரவில்லை.

மின்சாரம் போனால் விளக்கும் அணைகிறது. பகலில் திரியும் பார்ப்கள் இருட்டில் அடங்கிவிடும். தங்கள் ஏஞ்சல் வெளியே வந்தது அந்தத் தைரியத்தில்தான் என்பது என் முடிவு. இரண்டில் எது என்று தெரிய வேண்டுமானால் வழி எளியது. ஒரு நாள் பவர் ஹெட்டை ஓடவிட்டு விளக்கை மட்டும் அணையுங்கள்; மறுநாள் விளக்கை விட்டுவிட்டு பவர் ஹெட்டைச் சற்று நேரம் நிறுத்துங்கள்.

சேர்வராயன் சாரல், நாகலூர், ஏற்காடு

நீரோட்டத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் சூரமங்கலத்து நண்பர் எழுதியிருப்பதால், நேர் எதிரான ஓர் அனுபவத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து வீட்டில் 4 அடித் தொட்டியில் மிஸ் கேரளா மீன்கள் இருக்கின்றன. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1865ஆம் ஆண்டிலேயே விவரித்துப் பெயரிட்ட இனம். கேரளத்து மலையாறுகளின் வேகமான தண்ணீரில் வாழ்வது. இங்கு வந்த புதிதில் தொட்டியில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் மட்டுமே இருந்தது. மீன்கள் நோயில்லாமல், இரையையும் தின்றுகொண்டு, ஆனால் ஆளுக்கொரு மூலையில் வாயைக் கண்ணாடியில் இடித்தபடி மேலும் கீழுமாக அலைந்தன. மூடியில் இடைவெளி விட்டால் தாவி வெளியே விழுந்தன.

பின்னர் ஒரு ஓரத்தில் பம்பு வைத்து, தண்ணீர் முன்பக்கமாக ஓடிப் பின்பக்கமாகத் திரும்பும்படி செய்தோம். சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்திற்குள், எங்கெங்கோ கிடந்த மீன்கள் அத்தனையும் பம்பின் வாய்க்கு எதிரே வந்து, தலைகளை ஒரே திசையில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. வாலை மட்டும் மெல்ல அசைத்து, நகராமல், அந்தத் தண்ணீரைத் தாங்கி நின்ற அழகை இன்றும் மறக்க முடியவில்லை. இரையை அந்த வேகத்தில் தூவினால் ஒவ்வொன்றும் தன் முறைக்கு வருவதை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே ஏஞ்சலைத் தள்ளிய அதே தண்ணீர் இந்த மீனுக்கு உயிர். ஏஞ்சல் அமேசானின் மெதுவான ஓரங்களில், நாணலுக்கும் வேருக்கும் இடையே புகுந்து திரிவதற்காகத் தட்டையாக அமைந்த மீன். அதன் விலா முழுவதும் காற்றுக்கு எதிரே பிடித்த பாய். பக்கவாட்டில் அடிக்கும் தண்ணீரை அது நாள் முழுவதும் எப்படித் தாங்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் இங்கே ஹீட்டர் இல்லாமல் வெப்ப நாட்டு மீன்களை வைத்திருக்க முடியாது. தண்ணீர் சுற்றாத தொட்டியில் ஹீட்டர் தன் பக்கத்துத் தண்ணீரை மட்டும் சூடாக்கிவிட்டு அணைந்துகொள்ளும். மறுகோடி சில்லென்றே இருக்கும். எனவே ஏஞ்சல் வைப்பவரும் நீரோட்டத்தை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. அதை உடைத்துப் பரப்ப வேண்டும்.

கல்லூற்று, குகை

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியில், நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிந்து, அதை பிளேடால் சுரண்டிய அன்று உள்ளே இருந்த ஏஞ்சல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. செவுள் அடிக்கும் வேகத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். அந்தப் பதற்றத்தில் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியெடுக்கும் ஊர் நம் சேலம். போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாகத்தான் இருக்கிறது. தொட்டியில் ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தால் கடினம் ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கால் பங்கை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே முறை. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் கிடைப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைக்க வேண்டும், அல்லது ஆன்டி குளோரின் சொட்டுகளை அளவாக விட வேண்டும்.

அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை நிலைபெறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவந்து நிரப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிஎச் 7ஆக இருக்கும் தண்ணீரைவிட 8ஆக இருக்கும் தண்ணீரில், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. காரத்தன்மை ஏறிய போர் தண்ணீரில் இது பெரிய ஆபத்து. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள். குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மூன்றாவதாக, மின்வெட்டு. ஏஞ்சல் மகிழ்ச்சியாக வெளியே வந்ததைப் படித்துவிட்டு யாரும் பம்பை நிறுத்தி வைத்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சேலத்துச் சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டுவது இயல்பு. பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். நெடுநேரம் நின்றிருந்த ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சை அலசிய பிறகு ஓடவிடுங்கள்.

வரிக்கெண்டை, சூரமங்கலம்

குகை நண்பர் எழுதியவை பயனுள்ளவைதான். ஆனால் கேட்கப்பட்டது நீரோட்டம் பற்றி. ஏற்காட்டு நண்பர் சொன்ன மிஸ் கேரளா பற்றி எனக்கு மாறுபாடு இல்லை. டைகர் பார்ப் விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வாழைத்தோப்பு, ஆத்தூர்

ஒரு வரி சேர்க்க அனுமதியுங்கள். டேங்க் கிளீனரை யாரும் சந்தேகிக்கவில்லையே? நள்ளிரவில் டார்ச் அடித்தபோது, அசையாமல் நின்ற என் ஏஞ்சலின் விலாவில் அது வாயை ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். காலையில் அந்த இடத்தில் செதில் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. கடையில் விரல் நீளம் இருப்பது ஓரடிக்கு மேல் வளரும். அதற்காக ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது நம் நீர்நிலை மீன் அன்று, அங்கே பெருகினால் ஊர் மீன்களுக்குக் கேடு.

தெளிநீர், அஸ்தம்பட்டி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சூரமங்கலத்து நண்பர் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். விளக்கை மட்டும் அணைத்தபோது, பார்ப்கள் அடியில் போய் நின்றும் ஏஞ்சல் கட்டையை விட்டு வரவில்லை. விளக்கை விட்டுவிட்டு பவர் ஹெட்டை நிறுத்தியபோது பாதி தூரம் வந்தது. ஒரு பார்ப் பக்கத்தில் வந்ததும் பின்வாங்கியது. எனவே இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றே கொள்கிறேன்.

மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக, இந்தத் தொட்டியில் நிற்பது 160 லிட்டர் அளவு. அதற்கு 2,000 லிட்டர் பவர் ஹெட் என்றால் மணிக்குப் பன்னிரண்டு முறை சுற்று. ஏஞ்சலுக்கு நான்கைந்து முறை போதும். பெட்டியில் அச்சிட்ட அளவு, ஸ்பாஞ்ச் இல்லாமல் அளந்தது என்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும்; அப்படியும் இது அதிகமே. பவர் ஹெட்டை எடுத்துவிட்டு, மணிக்கு 800 லிட்டர் தள்ளும் ஃபில்டர் ஒன்றை வைத்து, அதன் வாயில் துளையிட்ட குழாயைப் பொருத்தி, பின்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பியிருக்கிறேன். மேல்மட்டம் மட்டும் சிலிர்க்கிறது. கட்டையருகே மிதக்கவிட்ட இரைத் துணுக்கு நகராமல் நிற்கிறது. ஏஞ்சல் இப்போது பகலிலும் செடிப் பக்கம் வரை வருகிறது, ஆனால் கீழ் இழையில் ஒன்று நேற்றுக் காலை குட்டையாகியிருக்கிறது.

டைகர் பார்ப் ஆறையும் கொடுத்துவிட முடிவு செய்துள்ளேன். எட்டு, பத்தாகக் கூட்டம் வைத்திருக்கும் 3 அடித் தொட்டிக்காரர் சேலத்தில் இருந்தால் தெரிவியுங்கள், காசு வேண்டாம். நீண்ட துடுப்புள்ள மீன் எதுவும் அத்தொட்டியில் இருக்கக் கூடாது.