தானே எடுக்கும் ஸ்வாப், சிறுநீர் மாதிரி: ஹெச்.பி.வி. பரிசோதனையில் நாம் பார்ப்பவை

சமுதாய நலச் செவிலியர்:
ஹெச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைக்கு, ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) என்றாலே முகாமுக்கு வராமல் இருந்துவிடும் பெண்களுக்கு, தாங்களே மாதிரி எடுக்கும் இந்த ஸ்வாப் குச்சி பெரிய விடுதலை. ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது, "கருப்பைவாய் வரைக்கும் எட்டாதே, அப்புறம் எப்படி சிஸ்டர் தெரியும்?" எட்டவே வேண்டாம். அங்கிருந்து உதிரும் செல்களும் வைரஸும் யோனிச் சுவரிலேயே இருக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். குச்சியின் முனையில் விரல் படக் கூடாது. ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்தோ, குத்தவைத்தோ, இதழ்களை விலக்கி சுமார் 5 செ.மீ. உள்ளே விட வேண்டும். பல குச்சிகளில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு இருக்கும். நேர் மேலே தள்ளினால் வலிக்கும்; இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சாய்த்தால் சுலபமாகப் போகும். சுவரில் படும்படி 10 முதல் 30 விநாடி மெதுவாகச் சுழற்றி, எங்கும் படாமல் எடுத்துக் குழாயில் போட்டு மூட வேண்டும். குச்சிக்குப் பதில் ஈவலின் பிரஷ் (தானே மாதிரி எடுக்கும் சிறு பிரஷ்) என்றால், அதன் பக்க இறக்கைகள் இதழில் முட்டும் வரை விட்டு, 5 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிளிக்' கேட்கும்.

அதிகம் நடக்கும் தவறு, வெளிப்பக்கம் மட்டும் தடவிவிட்டு வருவது. மாதவிலக்கு அதிகமாகப் படும் நாளையும், உள்ளே மருந்து வைத்த நாட்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

லேப் டெக்னீஷியன்:
சிஸ்டர் சொன்ன தவறுகள் எங்களிடம் 'இன்வாலிட்' (செல்லாத முடிவு) என்றே வந்து நிற்கும். ஹெச்.பி.வி.யோடு மனித மரபணு ஒன்றையும் (பெரும்பாலும் பீட்டா குளோபின்) சேர்த்தே தேடுவோம். அது கிடைக்காவிட்டால் குச்சியில் செல்லே இல்லை, அல்லது ரத்தமோ ஜெல்லோ பிசிஆரை (மரபணுவைப் பல மடங்கு பெருக்கித் தேடும் முறை) தடுத்திருக்கிறது. அதை நெகட்டிவ் என்று யாரும் படித்துவிடக் கூடாது. மறுபடி மாதிரி வேண்டும்.

கிட் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களே, லேப் எந்த முறையில் பார்க்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். பிசிஆர் முறையில், தானே எடுத்த மாதிரி டாக்டர் எடுத்ததற்குச் சமமாகவே நோயைப் பிடிக்கிறது. ஹைப்ரிட் கேப்ச்சர் போன்ற, மரபணுவைப் பெருக்காமல் அதன் சிக்னலை மட்டும் பெருக்கும் முறைகளில் கொஞ்சம் தவறவிடும்.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் நர்ஸ்:
இங்கே 2022 ஜூலை 1 முதல், பரிசோதனைக்கு உரிய 25 முதல் 74 வயது வரையிலான எல்லாரும் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நெகட்டிவ் என்றால் அடுத்தது 5 ஆண்டு கழித்து. புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள ஹெச்.பி.வி. 16, 18 வகை வந்தால் நேரே கால்போஸ்கோபி (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை). வேறு வகை என்றால் ஸ்பெகுலம் வைத்துச் செல் மாதிரி எடுத்தாக வேண்டும். யோனி ஸ்வாபில் செல்லின் மாற்றத்தைப் பார்க்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்த இரண்டாம் அழைப்பிலேயே பயந்து நின்றுவிடுகிறார்கள்.

லேப் டெக்னீஷியன்:
சிறுநீர் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற சோதனைகளுக்கு நடுச்சிறுநீர் கேட்போம். இதற்கு முதலில் வரும் சுமார் 20 மி.லி.தான் தேவை. வெளியே தேங்கிய சளியையும் செல்களையும் அதுவே அடித்துக்கொண்டு வருகிறது. அதனால் முன்னதாகக் கழுவக் கூடாது. டிஎன்ஏ சீக்கிரம் சிதையும், உடனே பதப்படுத்தும் திரவத்தில் கலக்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்:
30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை, ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டு. பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடும், ஆகவே பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இருந்தால் ஸ்வாப் கிட் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு நேரடிப் பரிசோதனைதான், நெகட்டிவ் ரிசல்ட் கையில் இருந்தாலும்.

கர்ப்பப்பை எடுத்துவிட்டேன் என்பவர்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிலருக்குக் கருப்பைவாயை விட்டுவைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஸ்வாப் தேவை.