முகப்பு நிறைய ஒட்டடை, குளியலறையில் உள்ளங்கை அகலச் சிலந்தி: மருந்து அடிக்கலாமா?

கேட்டவர்: வளவுவாசி, காரைக்குடி

சென்னையில் இருபத்தாறு வருடம் அடுக்குமாடியில் இருந்தவன் நான். அங்கே சிலந்தி என்றால் பால்கனி மூலையில் ஒன்று, துடைப்பத்தால் ஒரு தட்டு, அதோடு சரி. போன ஆடியில் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, துணையாகக் காரைக்குடிக்கே வந்துவிட்டேன். ஊர் இப்போது மாநகராட்சி. வாசலில் ஆட்டோ ஸ்டாண்ட், எதிரே மொபைல் கடை, இரண்டு வீடு தள்ளி ஜிம். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தால் மட்டும் பாட்டையா காலம்.

எட்டுப் பங்காளிகளுக்குச் சொந்தமான வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் எங்கள் இரண்டு தவிர மற்றதெல்லாம் பூட்டு. எட்டுப் பங்கு, எட்டுக் கால், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வீட்டை உண்மையில் ஆண்டு அனுபவிப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

முகப்பில் உத்தரம் பதினாறு அடி உயரம். ஆள் வைத்து ஒட்டடை அடித்தால் நாலே நாளில் பழையபடி தொங்குகிறது. அதைக் கட்டுவது குச்சிக் கால் சிலந்தி. கம்பு பட்டால் ஊஞ்சல் போலக் கிடுகிடுவென்று ஆடுகிறது, ஓடுவதில்லை. இரண்டாங்கட்டுக் குளியலறையில் இருப்பது வேறு ரகம். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, காலை விரித்தால் என் உள்ளங்கையை மூடும். வலையே கட்டுவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாளிக்கு மேலே சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். யார் முதலில் நகர்வது என்பதில் இதுவரை எனக்குத்தான் தோல்வி.

பொங்கலுக்கு மகள் பெங்களூரிலிருந்து பேத்தியோடு வருகிறாள். அந்தக் குளியலறையைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள்.

மருந்து அடிக்கலாம் என்றால் இரண்டு தடை. போன வருடம் எதிர்ப் பங்கு அண்ணன் ஓர் ஆளைக் கூட்டிவந்து அடித்தார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சுச் சுவரில் மருந்தின் எண்ணெய் திட்டுத் திட்டாக இறங்கி, இன்றும் அப்படியே இருக்கிறது. ஒட்டடை மூன்றாம் வாரம் வந்துவிட்டது. இரண்டாவது தடை அப்பச்சி. 84 வயது. மருந்து என்று வாயெடுத்தால் திருவானைக்காவல் கதையை ஆரம்பித்துவிடுவார். லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து நாயனாரும் ஆனது, அதை அடிப்பதாவது என்பார். அந்தச் சிலந்தி யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்துக் கொன்றதே என்று கேட்டால், அதற்குக் காது கேட்காது.

இன்னொன்று. நேற்றுக் காலை அப்பச்சியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம், எரிச்சல். வேலைக்கு வருகிற அம்மா பார்த்துவிட்டு, "எட்டுக்கால் பூச்சி மோண்டிருக்கு, பானை செய்யற வேளார் வீட்டில் போய் அக்கி எழுதிக்கிட்டு வாங்க" என்கிறார். இது சிலந்தியால் வருவதுதானா? அப்படியானால் நாயனாரே வந்தாலும் மருந்து அடித்துவிடுவேன்.

பதில்: மாத்திரைக்காரி, தேவகோட்டை

அண்ணே, ஒட்டடை இருக்கட்டும், முதலில் கழுத்தைப் பார்ப்போம். நான் மருந்துக்கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு நாலு பேராவது "பூச்சி மூத்திரம்" என்று களிம்பு கேட்டு வருவார்கள். சிலந்தி யார் மேலும் மூத்திரம் பெய்து கொப்புளம் வருவதில்லை. பழியை மட்டும் அது சுமக்கிறது.

இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, எறும்பு போல நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட ஒரு சின்ன வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ராத்திரி விளக்கைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. மேலே ஊர்வதை நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிட்டால் அதன் உடம்புக்குள் இருக்கிற நீர் பட்டு வெந்துபோகும். தேய்த்த திசையில் கோடாக வரும். உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொட விடாதீர்கள்.

மற்றது அக்கியேதான். சின்ன வயதில் வந்த சின்னம்மை நரம்புக்குள் பதுங்கியிருந்து வயதான பிறகு கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும், கொப்புளத்துக்கு முன்னாலேயே வலி இருக்கும். அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். காவியில் சிங்கம் எழுதிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஆயாவுக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 84 வயது. டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் வேளார் வீட்டுக்குப் போங்கள். இன்றைக்கே.

ஒரு கேள்வி. அப்பச்சி ராத்திரி எங்கே படுக்கிறார்?

வளவுவாசி

டாக்டரிடம் காட்டினேன் தங்கச்சி. நீங்கள் சொன்ன வண்டுதான் என்றார், களிம்பு கொடுத்திருக்கிறார். அப்பச்சி படுப்பது முகப்பில், சாய்வு நாற்காலியில். உள்ளே படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். தலைக்கு நேர் மேலே ட்யூப் லைட்.

பதில்: பழைய விலங்கியல் வாத்தியார், காரைக்குடி

அந்த ட்யூப் லைட் எத்தனை மணி வரை எரிகிறது, சார்?

வளவுவாசி

இரண்டு எல்இடி ட்யூப், பளீர் வெள்ளை. விடிய விடிய எரியும். பூட்டிக் கிடக்கிற வீடு என்று எவனும் நினைத்துவிடக் கூடாதே.

பழைய விலங்கியல் வாத்தியார்

அப்படியானால் நீங்கள் விடிய விடிய மெஸ் நடத்துகிறீர்கள். சிலந்தி சாப்பிட வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

முற்றம் திறந்த வீடு. வெள்ளை விளக்குக்கு ஈசல், கொசு, அந்துப்பூச்சி எல்லாம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அவை வரும் வழியில் குச்சிக் கால்காரி வலை கட்டுகிறாள். நீங்கள் கலைத்தால் அதே இடத்தில் கட்டுவாள், ஏனென்றால் சாப்பாடு அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்த வகை பழைய வலையைக் கழற்றிப் போடுவதில்லை, அதன் மேலேயே கட்டிக்கொண்டு போகும். அதில் தூசியும் சமையல் புகையும் படிந்தால் நாம் ஒட்டடை என்கிறோம். புதிதாகக் கட்டியது கண்ணுக்கே தெரியாது. அவள் கிடுகிடுவென்று ஆடுவது பயத்தில் செய்கிற தந்திரம். ஆடுகிற உடம்பைப் பல்லியாலோ குளவியாலோ குறிவைக்க முடியாது. அடுத்த முறை உற்றுப் பாருங்கள், முட்டைகளைக் கொத்தாக வாயில் கவ்விக்கொண்டு தொங்குகிறவள் ஒருத்தியாவது இருப்பாள்.

அந்த இரண்டு ட்யூபையும் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பு ஒன்று போடுங்கள். அதையும் அப்பச்சி தலைக்கு மேல் போடாமல் வாசல் தூணுக்கு வெளியே தள்ளிப் போடுங்கள். பூச்சி குறைந்தால் வலை குறையும். கழுத்துக் கொப்புளத்துக்கும் அதுதான் வைத்தியம் என்று தங்கச்சி சொல்வார்.

குளியலறை ஆள் வேறு. வேட்டைச் சிலந்தி. பகலில் இடுக்கில் ஒண்டிக்கொள்ளும், இரவில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். ஆசியாவின் வெப்பப் பகுதியில் பிறந்தது, சரக்குக் கப்பலில் ஏறி உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் போய்க் குடியேறிவிட்டது. உங்கள் ஐயாக்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனது போலத்தான், ஆனால் இது வட்டிக்கு விடவில்லை. வயிற்றுக்கு அடியில் வட்டமாக, தட்டையாக ஒரு வெள்ளைப் பையைக் கட்டிக்கொண்டு திரிந்தால் அது தாய். பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், ஆனால் ஆளுக்கு ஆபத்து இல்லை. அது அங்கே இருப்பதற்கு ஒரே காரணம், சாக்கடைக் குழாய் வழியாகக் கரப்பான் வருவது. துளைக்குச் சல்லடை மூடி போடுங்கள்.

பதில்: சும்மா ஒரு வார்த்தை, சென்னை

இவ்வளவு எதற்கு? நல்ல கம்பெனியாகப் பார்த்து மருந்து அடித்தால் ஒரே நாளில் எல்லாம் செத்துவிழும். நான் வருடத்துக்கு மூன்று முறை அடிக்கிறேன்.

பழைய விலங்கியல் வாத்தியார்

வருடத்துக்கு மூன்று முறை அடிக்கிறீர்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது, சார். சுவரில் அடித்த மருந்து சுவரில் நடக்கிற கரப்பானுக்கும் எறும்புக்கும். சிலந்தி தன் நூலில், அந்தரத்தில் நிற்கிறது. நேராக மேலே பட்டால் சாகும், இல்லாவிட்டால் தப்பிவிடும்.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, வாத்தியார் சொன்னது சரி. ஆனால் விளக்கை மாற்றினாலும் இருக்கிற ஒட்டடையை அடித்துத்தானே ஆகணும். எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாக அடிக்க வைக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கடையில் விற்கிற நைலான் பிரஷ் வாங்காதே. முள்ளு முள்ளாக இருக்கும், பூச்சில் கீறல் விழும். மூங்கில் கழியின் நுனியில் பழைய மல்வேட்டியைப் பந்தாகச் சுற்றிக் கட்டு. துணி காய்ந்திருக்கணும். ஈரத்துணி வைத்தால் ஒட்டடைக் கரி நனைந்து சுவரில் கரிக்கோடு போட்டுவிடும், அப்புறம் அது போகவே போகாது. முக்கியமாக, அடிக்கிற ஆளை அடிக்க விடாதே. நம் ஆட்கள் ஒட்டடை அடிப்பது என்றால் சண்டைக்குப் போவது மாதிரி அடிப்பார்கள். தேய்க்கவும் கூடாது, தட்டவும் கூடாது. கம்பை வலையில் வைத்து, கோயில் திருவிழாவில் பஞ்சுமிட்டாய் சுற்றுவானே, அது மாதிரி மெதுவாகத் திருப்பச் சொல். அப்படியே சுருண்டு வந்துவிடும். உத்தரத்தில் பூ வேலை, யாளி வேலை உள்ள இடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ், நீள மயிர் உள்ளதாக. சுவரில் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது முட்டைக் கூடு, அதை மொண்ணையான மரக்கரண்டியால் நெம்பி எடு. நகத்தால் சுரண்டினால் பூச்சோடு வரும்.

பத்து நாளுக்கு ஒரு தடவை செய். பொங்கலுக்கு ஒன்று, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு ஒன்று என்று விட்டால் புகை ஏறி ஒட்டிக்கொள்ளும். செவ்வாய், வெள்ளி வேண்டாம். அது சாஸ்திரமோ என்னவோ, எங்கள் வீட்டில் அந்த நாளில் வேலை ஆள் வர மாட்டாள், அதனால் வசதியாகப் போயிற்று.

எண்ணெய்த் திட்டைச் சோப்புப் போட்டுத் துடைத்துப் பார்த்துவிடாதே. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. தேய்த்தால் மினுமினுப்பு போய்ப் பெரிய திட்டாகிவிடும். அந்தச் சுவருக்கு நேரே ஓர் அலமாரியை நகர்த்திப் போடு, நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கடைசியாக ஒன்று. நீ உன் பங்கை மட்டும் துடைத்து என்ன? பூட்டிக் கிடக்கிற அறைகளின் நிலைக்கு மேலே கம்பி போட்ட சன்னல் இருக்குமே. அதிலிருந்துதான் குடிவரும். மாதம் ஒரு தடவை அந்தக் கதவுகளைத் திறக்கச் சொல்.

வளவுவாசி (தை மாதம், மறுபடியும்)

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கழுத்து ஒன்றரை வாரத்தில் ஆறிவிட்டது. ஆனாலும் வேலைக்கார அம்மா மனம் கோணக் கூடாதென்று அப்பச்சி வேளார் வீட்டுக்கும் போய்க் காவி எழுதிக்கொண்டு வந்தார். ஆறியதற்குக் காரணம் எது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

ட்யூப் இரண்டும் கழற்றியாகிவிட்டது. வாசல் தூணுக்கு வெளியே மஞ்சள் பல்பு ஒன்று. முதல் வாரம் அப்பச்சிக்குப் பிடிக்கவில்லை, சாவு வீடு மாதிரி இருக்கிறது என்றார். இப்போது நன்றாகத் தூங்குகிறார். ஆச்சி சொன்னபடி பத்து நாளுக்கொரு முறை நானே கம்பைச் சுற்றுகிறேன். முதல் தடவை வேட்டிப் பந்து தலையணை அளவுக்கு வந்தது. போன புதன்கிழமை சுற்றியதில் ஒரு தேங்காய் அளவுதான். தூண் போதிகைக்குக் கீழே முட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டேன். அப்பச்சி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

குளியலறைக்காரனை மகள் வருவதற்கு முந்தின ராத்திரி பிடித்தேன். அகலமான பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக மேலே கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் பழைய தினசரிக் காலண்டர் அட்டையைச் செருகி, பின்கட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய் விட்டேன். கை நடுங்கியது உண்மை. மறுநாள் காலை குளியலறையிலிருந்து மகள் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார். வாளிக்குப் பின்னால் முழுசாக எட்டுக் காலோடு ஒன்று. வாளியை நகர்த்தினால் அது அசையவே இல்லை. உரித்துப் போட்ட சட்டை! பேத்தி அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பெங்களூருக்கு எடுத்துப் போயிருக்கிறாள், வகுப்பில் காட்டவாம்.

பாக்கி இருப்பது பூட்டிய அறைகள். பங்காளிகள் வாட்ஸப் குழுவில், ஒட்டடை அடிக்க மாதம் ஒரு நாள் சாவி வேண்டும் என்று போட்டேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். மூன்று பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். எதிர்ப் பங்கு அண்ணன் மட்டும் போனில் கூப்பிட்டு, "என்னப்பா திடீரென்று, ஒட்டடை அடிக்கவா, இல்லை பங்கு பிரிக்கிற பேச்சு ஏதும் நடக்கிறதா?" என்று கேட்டார். சாவி வந்தால் எழுதுகிறேன்.