டேப்பட் இல்லை ஐயா, டேப்ட்!

செம்பனை நிழல்: பழைய மண்டோர் (எஸ்டேட் கங்காணி) ஐயா நம் சுங்கை சிப்புட் ஊர்க் குழுவில் ஆங்கில வினைச்சொல் பாடம் போட்டிருக்கிறார். ஒழுங்கு வினைகளுக்கு இறந்தகாலத்தில் ‘எட்’ சேர்த்து அழுத்திச் சொல்லணுமாம்: டேப்பட் (ரப்பர் மரம் சீவினான்), வாக்கட், ஸ்டாப்பட். இதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் யார் பொறுப்பு? எழுத்தில் ‘எட்’ இருக்கும், வாயில் வராது. டேப்ட், வாக்ட், ஸ்டாப்ட். கிளீன் என்றால் கிளீன்டு. பிளாண்ட், வீட் மாதிரிச் சொற்களுக்குத்தான் தனி அசை வரும்: பிளாண்டட், வீடட். ஐயாவின் பாடத்துக்கு ஐம்பது லைக் வேறு!

பழைய மண்டோர்: தம்பி, துரைமாரிடம் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதிய கை இது. அந்தச் சொல்லில் ‘இ’ என்று ஓர் எழுத்து இருக்கிறதா, இல்லையா? இருந்தால் சொல்லு. டேப்பட்.

செம்பனை நிழல்: நைஃப் என்ற சொல்லில்கூட முன்னால் ‘கே’ இருக்கிறது. கடையில் போய் ‘க்நைஃப்’ என்றா கேட்பீர்கள்?

பழைய மண்டோர்: கத்தியைப் பற்றி நான் பேசவில்லை. மரம் சீவுவதைப் பற்றிப் பேசுகிறேன். டேப்பட்.

டியூசன் அக்கா: என் வகுப்பில் தகராறே வேறு. மலாயில் வினை மாறாது. முன்னால் ‘சூடா’, ‘அக்கான்’ போட்டால் காலம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ‘யெஸ்டர்டே ஐ வாக்’ என்று எழுதிவிட்டு வருகிறார்கள். தமிழில் நடந்தேன், நடந்தாள், நடந்தார்கள் என்று ஆளுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்ட். நிகழ்காலத்தில் மட்டும் ஹீ, ஷீ, இட் வந்தால் எஸ். எதிர்காலத்துக்கு வில் போட்டுவிட்டு வினையைத் தொடாமல் விட்டால் போதும். இதைப் பேசலாமே?

பழைய மண்டோர்: பார்த்தீர்களா, டீச்சரே வாக்ட் என்கிறார். காதில் ‘எட்’ விழாத பிள்ளை தாளில் எப்படி எழுதும்? நீங்கள் விழுங்குகிறீர்கள், அது எழுதாமல் விடுகிறது. 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆரை எடுத்தார்கள், அப்புறம் எவனுக்கும் இலக்கணமே இல்லை.

ரப்பர் பால்: யுபிஎஸ்ஆர் இருந்தபோது மட்டும் கிழித்தார்களா? 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2009இல் கைவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் செட்டு.

பழைய மண்டோர்: தெரிகிறது, தெரிகிறது.

ரப்பர் பால்: என்ன தெரிகிறது? நேராகச் சொல்லுங்க லா.

கம்பத்து வாசகன்: ஐயா சொல்வது அடியோடு தப்பில்லை. ஒரு காலத்தில் அந்த ‘எட்’ தனி அசையாகவே ஒலித்தது. இப்படி விழுங்குகிறார்களே என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இலேயே எழுதிப் புலம்பினார். நேக்கட் என்பதில் இன்றும் ஒலிக்கிறது. கோர்ட்டில் ‘லெர்னட் ஃபிரெண்ட்’ என்கிறார்களே, அதிலும்.

பழைய மண்டோர்: கேட்டுக்கொள் தம்பி. ஸ்விஃப்ட்! நீ யார்?

செம்பனை நிழல்: முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தோற்ற கட்சிக்கு இன்னும் கொடி பிடிக்கிறீர்கள். வாசகன் சொன்ன இரண்டும் பெயரடை, வினை இல்லை. அதிருக்கட்டும், உங்கள் பாடத்தில் டேப்புக்கு ஒரே ஒரு ‘பி’ போட்டிருக்கிறீர்கள். இரண்டு ‘பி’ வரணும். ஒன்றோடு நிறுத்தினால் மரம் சீவினதாக ஆகாது, செலோடேப் ஒட்டினதாக ஆகும். உங்கள் எஸ்டேட்டில் எல்லா மரத்துக்கும் செலோடேப் ஒட்டினீர்களா?

ரப்பர் பால்: 😂😂 பால் ஒழுகாமல் இருக்க.

பழைய மண்டோர்: அது கைப்பேசி செய்த கோளாறு. பேச்சை மாற்றாதே. ‘இ’ இருக்கிறதா, இல்லையா?

டியூசன் அக்கா: விசிட் என்பதற்கு ‘டி’ இரட்டிக்காது, அழுத்தம் முதல் அசையில் விழுவதால். கேரி என்பதில் ‘ஒய்’ போய் ‘ஐ’ வரும். யாராவது கவனிக்கிறீர்களா?

பழைய மண்டோர்: விசிட்டட் என்று நீங்களே சொல்வீர்கள். ‘எட்’ வருகிறதே! விசிட்டட், டேப்பட். ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயமா?

செம்பனை நிழல்: முதல் பதிவிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வாசிக்கணும்.

பழைய மண்டோர்: கோயில் திருவிழாவில் உன் அப்பா என் கையிலிருந்து மைக்கை வாங்கினாரே, அன்றைக்கே தெரியும் இந்தக் குடும்பத்துக்கு என் ஆங்கிலம் ஆகாது என்று.

செம்பனை நிழல்: ‘வெல்கம்’ சொல்லி முடிக்கவே உங்களுக்கு அரை மணி நேரம் ஆனது ஐயா. பூசாரியே கையைக் காட்டினார்.

பழைய மண்டோர்: பூசாரியைக் கூட்டி வா, கேட்போம். வரும்போது ‘டேப்பட்’ சொல்லிப் பழகிக்கொண்டு வா.