சிங்கப்பூரின் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடற்கரைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: கண்ணில் பட்டது என்ன, தவறிப்போனது என்ன?

கடற்புல்:
ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணி. செக் ஜாவா பலகைப் பாதையின் கடல் பக்கம் முழுக்கத் தண்ணீர். பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பம் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. "நட்சத்திர மீன் எங்கேப்பா?" என்று பையன் மூன்றாவது தடவை கேட்கிறான். அவன் காலுக்கு நேர் கீழேதான் கடற்புல் திட்டு. மேலே ஆள் உயரத் தண்ணீர்.

படகு, சைக்கிள், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் திட்டம் போடுகிறார்கள், கடலை மட்டும் யாரும் கேட்பதில்லை. தேட வேண்டியது வற்று, அதாவது கடல் இறங்கி நிற்கும் மட்டம், 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே போகும் நாள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் அது வரும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள் அல்லவா? உபினுக்கும் அது பொருந்தும். அரைநிலா நாள்களில் கடல் பேருக்குத்தான் வற்றும். நாளைப் பிடித்த பிறகு ஏற்றவற்ற அட்டவணையில் மணியைப் பாருங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வற்று 10 மணிக்கு என்றால் 9.15க்குப் பாதைமேல் நிற்க வேண்டும். உபின் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர், நடந்தால் முக்கால் மணி நேரம். படகு 10, 15 நிமிடம். படகுக்குக் காத்திருப்பு அரை மணி. ஆக, சாங்கி முனைப் படகு முனையத்தில் 7.45. இரண்டாம் எண் பேருந்தோ 29ஓ சாங்கி கிராமத்தில் இறக்கிவிடும். அங்கே உணவங்காடியில் நாசி லெமாக் வரிசையில் நிற்கப்போகிறீர்கள் என்றால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வரிசை நீளம்.

பன்னிரண்டாவது ஆள்:
மேலே கடற்புல் "காத்திருப்பு அரை மணி" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். திட்டம் கவிழ்வதே அந்த இடத்தில்தான். உபினுக்குப் போகும் பம்போட்டு எனும் சிறு மோட்டார் படகுக்குக் கால அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிள் கொண்டுபோனால் அதற்கு 2 வெள்ளி. ரொக்கமாக வைத்திருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெஞ்சில் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளுக்காக இருபது நிமிடம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடுபட்ட 4 வெள்ளியைப் பதினோராகப் பிரித்தால் ஆளுக்கு 36 காசு! ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இருபது நிமிடத்தில் கடல் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது. படகோட்டிக்கு வேண்டியது 48 வெள்ளி. பன்னிரண்டு தலையை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

சேற்றுத்தாவி:
செக் ஜாவா வாசல், சைக்கிள் நிறுத்துமிடம். உள்ளே சைக்கிள் விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே. முன்கூடையில் ஒரு துணிப்பை, அதற்குள் பொட்டலம் கட்டிய சோறு. காட்டுப்பன்றி பின்காலை ஊன்றி முன்கால்களைத் தூக்கவில்லை, அவ்வளவு மெனக்கெடவே இல்லை. தோளால் சைக்கிளை ஒரு தள்ளு. சைக்கிள் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த நாலும் வரிசையாகச் சாய்ந்தன. மூக்கைப் பைக்குள் விட்டு, காகிதத்தோடு சேர்த்துச் சோற்றைத் தின்றுவிட்டு, காது ஆட்டிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது. பின்னால் கோடு போட்ட மூன்று குட்டிகள்.

கூடையில் எதையும் விடாதீர்கள், வெறும் பையைக்கூட. அதற்கு வாசனையே போதும். குட்டியோடு நிற்கும் தாயைச் சுற்றி வளைக்காதீர்கள். அது ஓட ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். முதுகு காட்டி ஓடாமல், முகம் அதன் பக்கம் இருக்கப் பின்னடி வைத்து விலகுங்கள்.

வாடகை சைக்கிள் எடுக்கும்போது பெல் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள், பின்சக்கரம் எழும்ப வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இருக்கை இடுப்பு உயரம். வழியில் ஏற்ற இறக்கம் உண்டு, கடைசிப் பகுதியில் தார் போய்ச் சரளை வரும். அங்கே இறக்கத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். இறங்குவதற்கு முன்பே பின் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

உவர்நீர்:
கடற்புல் சொல்லும் 0.5 கணக்கு தப்பில்லை, ஆனால் அரைகுறை. செக் ஜாவா திறந்திருப்பது காலை 8.30 முதல் மாலை 6 வரை. ஆண்டின் நடுப்பகுதியில் நல்ல வற்று பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் வந்துவிடும். ஆண்டுக் கடைசியிலோ மாலையில், பல நாள் கதவு மூடும் நேரத்தை ஒட்டி வரும். 0.3 என்று எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மணியைப் பார்த்தால் காலை 5.40!

கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் சமாளிக்கலாம். ஏற்றம் ஒரே சீராக வருவதில்லை. வற்றிலிருந்து ஏறும் உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், தோராயமாக முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மூன்று மூன்று. காலை 8 மணிக்கு 0.3, அடுத்த ஏற்றம் 3.0 என்றால், 9 மணிக்கு அரை மீட்டர்தான். 10 மணிக்கு 1 மீட்டர். 11 மணிக்கு 1.6 தாண்டிவிடும். அதாவது 8.30க்கு உள்ளே நுழைபவருக்கு அரை மணி நேரம் நல்ல காட்சி, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சுமாரான காட்சி.

இன்னொன்று. கடல் பக்கத்தையே எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அலையாத்திக் காட்டுப் பாதைக்கு அவ்வளவு ஆழ்ந்த வற்று தேவையே இல்லை. 1 மீட்டரிலும் சேறு வெளியே தெரியும். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் ஆடாமல் நின்றால் போதும். முதலில் துளைகள் மட்டும் தெரியும். பிறகு ஒரு துளையிலிருந்து ஆரஞ்சுக் கொடுக்கு. உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கு, ஆண் நண்டுக்கு மட்டும். அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும், யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல. நிழல் விழுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே. ஆகவே சூரியன் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கும்படி நில்லுங்கள்.

நீண்ட மழைக்குப் பிறகு போகிறவர்கள் கடல் பக்கம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2007 தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் வெள்ளத்தின் நன்னீர் நீரிணைக்குள் இறங்கி, உப்பு குறைந்து, செக் ஜாவாவில் நட்சத்திர மீன்களும் கடற்பஞ்சும் கடற்சாமந்தியும் கூட்டமாகச் செத்தன. பிறகு மெல்லத்தான் தேறியது.

கடற்புல்:
நிழல் சரி, மழை சரி. ஆனால் "1 மீட்டரிலும்" என்று எழுதினால் ஆட்கள் 2 மீட்டரில் போய் நிற்பார்கள். முதல் தடவை போகிறவருக்கு ஒரே எண்தான் சொல்ல வேண்டும். இருநோக்கியும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள், 8க்கு 42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை) போதும். பாதையை விட்டுக் கீழே இறங்க முடியாது, கடற்சாமந்தி கண்ணருகே வராது.

இருவாச்சி வீடு:
சேற்றுத்தாவி எழுதிய பன்றிக்கு யார் ருசி காட்டியது? அதைச் சொல்லவே இல்லையே. படகுத்துறைப் பக்கம் ஒருவர் ரொட்டியைக் கிள்ளிப் போடுகிறார், "பாவம், பசிக்குது" என்கிறார். அதற்குக் காடு முழுக்கக் கிழங்கும் பழமும் இருக்கிறது! வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூன் முதல், உணவு கொடுத்தால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. குரங்குக்கும் அதே சட்டம்தான். நெகிழிப் பை சரசரத்தாலே அவை வரும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள், குரங்கு நெருங்கினால் அதை நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது மிரட்டல்.

இருவாச்சி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரிலிருந்தே மறைந்துபோயிருந்த பறவை, 1994இல் உபினில் மறுபடி கண்ணில் பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று மட்டும் மிச்சம். ஆண் கொண்டுவரும் பழம் அந்தக் கீற்று வழியாகத்தான். கூட்டுக்குக் கீழே நான்கு கேமரா நின்றதால், அலகில் பழத்தோடு எதிர்மரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்த ஆண் பறவையைப் பார்த்தது இன்னும் உறுத்துகிறது. ஒருவர்கூட நகரவில்லை.

மூத்தவர்_துணை:
பலகைப் பாதையில் தேக்கா வெள்ளரிக்காய் அளவு உடும்பு, பக்கத்தில் எழுபது வயது அம்மா. இரண்டும் அசையாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவ்வளவுதான் நடந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் பெரியவர்களோடு போகிறவர்களுக்காக. படகில் ஏறி இறங்கும் படிதான் முதல் சோதனை. படகு ஆடும்போது கையை நீட்டி இழுக்காதீர்கள், முழங்கைக்குக் கீழே தாங்குங்கள். கிராமத்தில் வேன் கிடைக்கும். ஏறுவதற்கு முன் கட்டணத்தையும், எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார் என்பதையும் பேசிவிடுங்கள். திரும்பும் வேனை மறந்துவிட்டால் 3 கிலோமீட்டர் வெயிலில் நடை. தீவில் குழாய்க் குடிநீர் இல்லை, கழிப்பறைக் குழாயில் பிடித்துக் குடிக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கொண்டுபோங்கள். கழிப்பறை படகுத்துறையில் ஒன்று, செக் ஜாவாவில் ஒன்று. இடையில் நம்பி இருக்காதீர்கள்.

மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், முழுக்கை, நீளக் கால்சட்டை. கைபேசி ஜொகூர் பக்க அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று விடியற்காலையிலோ முற்பகலிலோ வந்து அடிக்கும். மேற்கே கருத்தால் செக் ஜாவாவின் ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறாதீர்கள், ஏறத்தாழ 20 மீட்டர் உயர இரும்பு அது. புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், பலகைப் பாதையின் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கலாம்.

சேற்றுத்தாவி:
உடும்புக்கு வெள்ளரிக்காய் அளவா? தேக்கா சந்தையில் எந்தக் கடை?

பன்னிரண்டாவது ஆள்:
திரும்பும் படகைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மாலை ஆறு மணிக்குமேல் உபின் படகுத்துறையில் ஆள் சேராது. மூன்று பேர் மட்டும் நின்றால் 48ஐ மூன்றால் வகுங்கள். ஆளுக்கு 16 வெள்ளி, ரொக்கமாக.