கொத்துக்குள் எத்தனை விண்மீன், நம் பக்கத்தில் எத்தனை?

பிடோக் (சிங்கப்பூர்), 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி

ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைத் தேடுகிறவர்கள் முதலில் சித்திரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சம் தொடும், ஜூன் நடுவில் இரவு 9 மணி வாக்கில். சித்திரையிலிருந்து நேர் தெற்கே 36 பாகை இறங்குங்கள். கையை நீட்டினால் மூன்றரை முஷ்டி. அடிவானத்திலிருந்து 41 பாகை உயரத்தில் மங்கலான வட்டத் திட்டு ஒன்று இருக்கும்.

10x50 பைனாகுலரில் திட்டோடு சரி. டாப்சோனியனின் 1200 மி.மீ. குவியத்தூரத்துக்கு 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 120 மடங்கு. அப்போது ஓரத்து விண்மீன்கள் பிரியும். உருப்பெருக்கம் கூடினால் நம் ஊர் வான வெளிச்சம் அடங்கும், புள்ளியாகத் தெரியும் விண்மீன் அவ்வளவு மங்காது. ஒளிமாசு வடிகட்டிக்குப் பணம் போடாதீர்கள். சில நிறங்களில் மட்டும் ஒளிரும் வாயு மேகமான நெபுலாவுக்குத்தான் அது உதவும். விண்மீன் எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அதையும் சேர்த்தே மங்கலாக்கும். தொலைநோக்கியை ஏர்கான் அறையிலிருந்து எடுத்து வந்த உடனே மூடியைத் திறந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். முக்கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

ஈசூன்

பிடோக் அண்ணன் சொன்ன வழி சரி. ஆனால் பார்த்ததை எண்ணி அடர்த்தி சொல்லாதீர்கள், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சூரியனைச் சுற்றி 10 ஒளியாண்டுக்குள், பழுப்புக் குள்ளர்களை (விண்மீனாகும் அளவு நிறை இல்லாதவை) விட்டுவிட்டால், 11 விண்மீன்கள். வெறுங்கண்ணுக்கு இரண்டே புள்ளிகள்: சிரியஸ், ஆல்ஃபா சென்டாரி. பிராக்சிமா, பர்னார்டு போன்ற சிவப்புக் குள்ளர்கள் (சிறிய, மங்கலான விண்மீன்கள்) இவ்வளவு அருகில் இருந்தும் தெரிவதில்லை.

சூரியனையும் சேர்த்து 12. உருண்டையின் கன அளவு 4,190 கன ஒளியாண்டு. வகுத்தால் ஒரு கன ஒளியாண்டுக்கு 0.003 விண்மீன் வரும். சின்ன உருண்டையில் ஒன்றிரண்டு கூடினாலே விடை ஆடும், அதனால் பரந்த பகுதிக்கான 0.004 என்ற மதிப்பை எடுங்கள். அதாவது ஒரு விண்மீனுக்கு 250 கன ஒளியாண்டு இடம். கனமூலம் எடுத்தால் இடைவெளி சுமார் 6.3 ஒளியாண்டு.

ஒமேகா சென்டாரியில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள், விட்டம் 150 ஒளியாண்டு. மொத்தத்தையும் வகுத்தால் ஒரு கன ஒளியாண்டுக்கு 6 கூட வராது. மையத்தில் இடைவெளி 0.16 ஒளியாண்டுதான்: 0.16-ஐ மும்மடியாக்கி 1-ஐ அதால் வகுத்தால் 244. நம் பக்கத்தைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு! ஒரே கொத்து, இரண்டு விடை. எந்த ஆரத்துக்குள் எடுத்தது என்று சொல்லாத எண்ணை நம்பவே கூடாது.

தெம்பனிஸ்

கார்த்திகைக் கொத்தையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆயிரத்துக்குச் சற்று மேல் விண்மீன்கள், ஆரம் 43 ஒளியாண்டு. வருவது 0.003, நம் பக்கத்து அடர்த்தியேதான்! கொத்தின் ஈர்ப்பைப் பால்வீதியின் இழுப்பு மிஞ்சத் தொடங்கும் எல்லைதான் அந்த 43 ஒளியாண்டு. அதுவரை சராசரி எடுத்தால் சுற்றுப்புறத்தை ஒட்டிய எண்தான் கிடைக்கும். 8 ஒளியாண்டு ஆரமுள்ள கருவில்தான் நெருக்கம். நம் கண்ணுக்கு அது அடர்த்தியாகத் தோன்றக் காரணம் எண்ணிக்கை அல்ல, அங்குள்ள இளம் நீல விண்மீன்களின் பிரகாசம்.

ஒமேகா சென்டாரியின் கருவில் நிலைமை வேறு. ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விண்மீன் இன்னொன்றை நெருங்கிக் கடக்கும் என்று 2018-இல் வெளியான ஆய்வு கணித்தது. கோள்கள் தம் பாதையில் நிலைத்திருக்க அந்த அவகாசம் போதாது.