பெயரோடு நின்று வினையைச் சொல்லும் அடைக்குத் தமிழில் என்ன பெயர்?

களுவாஞ்சிகுடி, ஆங்கில ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். உயர்தர மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் ஆங்கில இலக்கணக் கையேட்டில் காலம் பற்றிய இயல் வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் அகப்படாமையால் அது நிற்கிறது. எப்போது, எவ்வளவு காலம், எத்தனை முறை என்ற கேள்விகளுக்கு விடையாகும் வினையடைகளை வகுப்பதில் இடரில்லை. டெய்லி, வீக்லி முதலியவை உருமாறாமலே பெயருக்கும் வினைக்கும் அடையாகும் என்பதும் எளிதில் விளங்கும். ‘நாளாந்தச் செலவு’, ‘நாளாந்தம் செலவாகிறது’ என்ற நம் வழக்குகளை அருகருகே எழுதிக் காட்டினால், ஈற்று மகரத்தால் தமிழ் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் காட்டுவதில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் ஒக்கேஷனல் என்ற பெயரடையில் இருக்கிறது. ‘ஆன் ஒக்கேஷனல் செய்லர் ஸ்ட்ரோல்ட் பை’ என்பது மொழியியலாளர் எடுத்தாளும் உதாரணம். அடை மாலுமியை ஒட்டி நின்றாலும் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. இடைக்கிடை யாரோ ஒரு மாலுமி அவ்வழியே நடந்து போனார் என்பதே பொருள். ‘எ குயிக் கப் ஒப் டீ’ என்பதும் இவ்வினமே. விரைவு கோப்பைக்கு உரியதன்று, குடிப்பதற்கு உரியது. இவ்வகை அடைக்கு ‘இடம்பெயர் அடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கருத்துக் கூறுங்கள்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியர் அவர்களே, ‘இடம்பெயர்’ வேண்டாம். 2006, 2007 ஆண்டுகளில் போரினால் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்து கூடாரங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ‘இடம்பெயர்ந்தோர்’ என்ற சொல் நிவாரணப் படிவங்களில் நின்று தன் பொருளைத் தேடிக்கொண்டுவிட்டது. இலக்கணத்துக்காக அதை மீட்டெடுக்க உங்கள் மாவட்டத்தில் இயலாது.

‘மீடிறன் பெயரடை’ என்று வைக்கலாமே. கணிதபாடத்தில் மீடிறன் அட்டவணை கீறாத மாணவர் இல்லை. எத்தனை முறை நிகழ்கிறது என்பதுதானே மீடிறன்? தமிழ்நாட்டார் இதை நிகழ்வெண் என்பார்கள், நம் சொல் அவர்களுக்கு விளங்காது என்று யாராவது சொல்லக்கூடும். கையேடு களுவாஞ்சிகுடியைத் தாண்டும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

காரைதீவு, பண்டிதர்:

மீடிறன் நல்ல சொல். மீள், திறன் என்ற இரண்டும் புணர்ந்து, நாள் என்பதும் தோறும் என்பதும் நாடோறும் ஆனதுபோல ளகரம் கெட்டு உருவானது; அதை ஆக்கியவர் புணரியலைக் கற்றவர். ஆயினும் அது இங்கே பொருந்தாது. ஒக்கேஷனல் முறையைச் சொல்லும்; குயிக் என்பது எந்த முறையைச் சொல்கிறது?

ஆசிரியர் போகிற போக்கில் ‘நாளாந்தம்’ என்றதையும் விட்டுவிட மனமில்லை. அந்தம் முடிவு. மாத முடிவில் சம்பளம் வருவதால் ‘மாதாந்தச் சம்பளம்’ ஒருவாறு ஒக்கும். நாளாந்தம் மழை பெய்தது என்றால் அந்திக்குப் பிறகா பெய்தது? நாள் தமிழ், அந்தம் வடமொழி. நாடோறும், அன்றாடம் என்று இரண்டு சொற்கள் கைவசம் இருக்க இந்தக் கலப்பு எதற்கு? 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இதில் எனக்குச் சற்றுக் கூடுதலான பிடிவாதம் உண்டு.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நின்ற இடத்தில் பொருள் தராத சொல்லை உரிய இடத்துக்கு மாற்றிப் பொருள் கொள்வது நமக்குப் புதிதன்று. ‘ஏற்ற பொருளுக் கியையு மொழிகளை மாற்றியோ ரடியுள் வழங்கல்’ என்று நன்னூலார் மொழிமாற்றுப் பொருள்கோளை வரையறுத்தார்; மொழி என்றது இங்கே சொல்லை. ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்பதில் அம்மி ஆழச் சுரை மிதப்ப என்று நாம் மாற்றிக்கொள்வது போலவே, மாலுமியோடு நிற்கும் ஒக்கேஷனலை எடுத்து நடத்தலோடு சேர்க்கிறோம். ஆகவே ‘மொழிமாற்றடை’.

வந்தாறுமூலை, மொழியியல் விரிவுரையாளர்:

பண்டிதர் ஐயா காட்டிய ஒப்புமை அழகானது. ஆனால் இன்று மொழிமாற்று என்றால் மொழிபெயர்ப்பு என்றுதான் மாணவர் எண்ணுவர். அதே பொருள்கோள் வரிசையில் ‘கொண்டுகூட்டு’ இருக்கிறது. ‘கொண்டுகூட்டுப் பெயரடை’ என்றால், அடையைக் கொண்டுபோய் வேறொன்றோடு கூட்டு என்ற கட்டளையும் பெயரிலேயே கிடைக்கிறது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு வரையறையைக் கையேட்டில் சேர்க்க வேண்டும். ஒக்கேஷனலுக்கு இந்தப் பொருள் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ போன்றவற்றோடு வரும்போதே கிடைக்கிறது. ‘டூ ஒக்கேஷனல் செய்லர்ஸ்’ என்று எண்ணுப் பெயரை முன்னே வைத்தால், இடைக்கிடை மட்டும் கப்பலோட்டும் இருவர் என்று அடை மாலுமியின் பண்பாகிவிடும். மாணவர் இடறப்போவது இங்கேதான். பெயர் சூட்டுவதைவிட இதற்கு நாம் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழில் இவ்வகை அடை அரிது. ‘அவசரமா ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்’ என்கிறோம். ‘அவசரத் தேத்தண்ணி’ என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். நேரத்தோடு வா என்ற பொருளில் ‘வெள்ளன வா’ என்பதில் வெள்ளனவும் வினையை விட்டு அசையாது. காலம் வினைக்கு உரியது என்பது நம் இலக்கணத்தின் அடிப்படை: ‘நினையுங் காலைக் காலமொடு தோன்றும்’ என்று தொல்காப்பியர் வினையைத்தானே சொன்னார். ஆங்கிலமோ அந்தக் காலத்தைப் பெயருக்கு முன்னும் வைத்துவிடுகிறது.

காரைதீவு, பண்டிதர்:

கொண்டுகூட்டு ‘யாப்படி பலவினும்’, அதாவது செய்யுளின் பல அடிகளில், நிகழ்வது. மாலுமி வாக்கியம் ஓரடிக்குள் அடங்குவது. எனவே மொழிமாற்றே சரி. மாணவர் பிழையாக எண்ணுவர் என்பதற்காக நன்னூல் தன் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, விஞ்ஞானப் பிரிவில் பயிலும் பிள்ளை எட்டுப் பொருள்கோளையும் கற்ற பிறகுதான் ஒரு கோப்பைத் தேநீரை விளங்கிக்கொள்ள வேண்டும் என்றால், அது குடிப்பதற்கு முன்பே ஆறிவிடும். மீடிறனை நான் கைவிடுகிறேன். ‘வினைநோக்குப் பெயரடை’ என்று வையுங்கள். பெயரோடு நிற்கிறது, வினையை நோக்குகிறது. இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

வந்தாறுமூலை, மொழியியல் விரிவுரையாளர்:

நுணுகிப் பார்த்தால் ஒக்கேஷனல் வினையை மட்டுமன்றி வாக்கியம் சொல்லும் நிகழ்வு முழுவதையும் தழுவுகிறது. ‘நிகழ்வுநோக்கு’ என்பதே திருத்தமாகும். ஆயினும் பள்ளிக் கையேட்டுக்கு வினைநோக்கு போதும். நானும் உடன்படுகிறேன்.

களுவாஞ்சிகுடி, ஆங்கில ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. ‘வினைநோக்குப் பெயரடை’ என்றே இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன். எண்ணுப் பெயர் பற்றிய வரையறைக்கு ஒரு முழுப்பத்தி ஒதுக்கியிருக்கிறேன். நாளாந்தம் நாளாந்தமாகவே நிற்கிறது; பண்டிதர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

காரைதீவு, பண்டிதர்:

தொல்காப்பியச் செய்யுளியலில் நோக்கு தனியொரு செய்யுள் உறுப்பு என்பதை நீங்கள் மூவரும் மறந்துவிட்டீர்கள். பெரும்பான்மைக்கு நான் தடையில்லை. கையேடு கிடைத்ததும் என் படியில் அந்தச் சொல்லை வெட்டி மொழிமாற்றடை என்று எழுதிக்கொள்வேன். நாளாந்தத்துக்கும் அதே கதிதான். பக்க ஓரத்தில் சற்றுத் தாராளமாக இடம் விடும்படி அச்சகத்தாரிடம் சொல்லிவையுங்கள்.