அப்பாவின் மடக்குக் கத்திக்கு ஆணி மாற்ற ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த காலம் முழுக்க அப்பா மடியில் செருகி வைத்திருந்த மடக்குக் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. கொடி கட்டும் நார் அறுப்பது, அகத்திக் கொப்பு கழிப்பது, இடையில் மாங்காய் நறுக்குவது வரை எல்லாம் அதில்தான். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்து, வாழைக் கறை ஏறிக் கறுத்துவிட்டது. ஆனாலும் வெட்டு அபாரம், இப்போது வரும் எவர்சில்வர் கத்தி எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

பிரச்சினை மடங்கும் இடத்து ஆணிதான். தேய்ந்துபோய் அலகு ஆடுகிறது, வேலை நடுவில் விரல் மேல் மடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழைய ஆணியைத் தட்டி எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பியில் புதிதாக அடித்துத் தர மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ யாராவது இருக்கிறார்களா? திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் இந்தச் சின்ன வேலையை எடுப்பார்களா? கொம்புப் பிடி, ஓங்கி அடித்தால் விரிசல் விட்டுவிடும், பொறுமையான கை வேண்டும்.

அப்புறம், மிஷின் சாணை மட்டும் வேண்டவே வேண்டாம். சூடேறி அலகு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும். அந்தக் கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கூலி எவ்வளவானாலும் சரி. தெரிந்தவர்கள் தெருவை மட்டும் சொல்லுங்கள், நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.